நிரல் அங்கே, சாளரம் இங்கே!

மாணவர்களே, ஒரு கணினியில் நிரல் இயங்கினால், அதன் சாளரமும் அதே கணினியின் திரையில்தான் தெரிய வேண்டுமா? வேண்டியதில்லை என்பதை 1980-களிலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் 'அத்தீனா' என்ற திட்டம் தொடங்கியது. அதில் டிஇசி, ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களின் கணினிகள் பயன்பட்டன. ஒருவகைக் கணினிக்காகத் தயாரித்த நிரல் மற்றதில் அப்படியே ஓடாது. ராபர்ட் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் இருவரும் 1984-இல் அங்கே உருவாக்கிய 'எக்ஸ் விண்டோ சிஸ்டம்' இதற்கு வழிகாட்டியது. நிரல் தன் கணினியிலேயே ஓடட்டும். சாளரம் மட்டும் வலையமைப்பின் வழியாக வேறொரு திரைக்குப் போகட்டும்!

இது எப்படி முடிந்தது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 × 800 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரையைப் படமாக அனுப்பினால் 8,00,000 பிட், அதாவது 1,00,000 பைட் தேவை. ஆனால் "இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு" என்ற எக்ஸ் கட்டளைக்கு 20 பைட் போதும். கோட்டை வரையும் வேலையை நம் முன்னால் உள்ள கணினி பார்த்துக்கொள்ளும்.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நம் மேசையில் இருக்கும் கணினியில்தான் 'சர்வர்' ஓடுகிறது! திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றின் சேவையை வழங்குவது அதுவே. தொலைவில் ஓடும் நிரல் அந்தச் சேவையைக் கேட்டு வரும் 'கிளையன்ட்'.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் திரையுடன் இணைய அனுமதி பெற்ற நிரல், படம் வரைவதோடு நிற்க வேண்டியதில்லை. மற்றச் சாளரங்களில் நீங்கள் தட்டும் எழுத்துகளையும் அது கவனிக்க முடியும். கடவுச்சொல்லும் அதில் அடங்கும். அக்காலத்தில் தகவல்கள் மறைகுறியாக்கம் இல்லாமலே கம்பி வழியாகச் சென்றன.

பின்லாந்தில் தாத்து யூலோனென் தம் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, 1995-இல் 'எஸ்எஸ்எச்' முறையை உருவாக்கினார். எக்ஸ் சாளரங்களையும் அதன் வழியாக மறைகுறியாக்கி அனுப்பலாம். ஆனால் எஸ்எஸ்எச் பாதையை மட்டுமே காக்கும். மறுமுனையில் உள்ள கணினியே நம்பத்தகாததாக இருந்தால் உங்கள் விசைப்பலகைக்கு ஆபத்துதான். ஆகவே, நம்பிக்கையான கணினியுடன் மட்டுமே இப்படி இணைய வேண்டும்.

எக்ஸின் 11-ஆம் பதிப்பு 1987 செப்டம்பரில் வெளிவந்தது. அந்த 'மொழி' இன்றும் வழக்கில் உள்ளது. மேக் கணினிக்கு 'எக்ஸ்குவார்ட்ஸ்', புதிய லினக்ஸ் திரைகளுக்கு 'எக்ஸ்வேலண்ட்' என மொழிபெயர்ப்பாளர்கள் போன்ற மென்பொருள்கள் கிடைக்கின்றன. அதனால் பழைய ஆய்வுக்கூடக் கணினியில் மட்டுமே ஓடும் நிரலைத் தூக்கி எறியாமல், இன்றைய மடிக்கணினியில் அதன் சாளரத்தைத் திறந்து வேலை செய்யலாம்.