சாம்பலும் கசடும் எஃகு இழையும்

பிலாய், ரூர்கேலா, ஜாம்ஷெட்பூர் முதலிய எஃகு நகரங்களில் வாழும் தமிழன்பர்கள் ஊதுலைக் கசட்டை அறிவார்கள். அனல் மின் நிலையங்களின் அருகே குடியிருப்போர் நிலக்கரிச் சாம்பலை அறிவார்கள். கழிவென ஒதுக்கப்பட்ட இவ்விரண்டும் கான்கிரீட்டுக்கு வலிமை தருவது எவ்வாறு?

சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது, ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசையோடு சுண்ணாம்பும் உண்டாகிறது. இச்சுண்ணாம்பினால் வலிமை மிகுவதில்லை. சாம்பலிலுள்ள சிலிக்கா அதனோடு வினைபுரிந்து, மேலும் பசையை ஆக்குகிறது. நுண்துளைகள் அடைபடுகின்றன, நீரும் உப்பும் புகுந்து கம்பி துருப்பிடிப்பது குறைகிறது. இம்முறை நம் நாட்டிற்குப் பழையதே. 1895-இல் முடிவுற்ற முல்லைப் பெரியாற்று அணை, சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் சேர்ந்த கலவையால் கட்டப்பெற்றது.

உருகிய கசட்டை நீர் பாய்ச்சிச் சடுதியில் குளிர்வித்து, பின்னர் அரைத்தால் அதுவும் சிமெண்டைப் போல் இறுகும். இந்தியத் தர விதிகளின்படி, சாம்பல் சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு சாம்பலும், கசடு சிமெண்டில் 25 முதல் 70 விழுக்காடு கசடும் இருக்கலாம்.

எஃகு இழையின் பணி வேறு. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால் விரிசல் காணும். மண்சுவரில் வைக்கோல் செய்யும் வேலையை, 3 முதல் 6 சென்டிமீட்டர் நீளமுள்ள இழைகள் இங்கே செய்கின்றன. விரிசலின் இருபுறத்தையும் பற்றி, அது விரியாமல் தடுக்கின்றன. தொழிற்சாலைத் தளங்களுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் இவை ஏற்றவை. வீட்டின் உத்திரத்திலுள்ள கம்பிகளை இவற்றை நம்பிக் குறைத்தல் ஆகாது.

அயல் மாநிலத்தில் அரிதிற் சேர்த்த பொருளைக் கொண்டு வீடு கட்டுவோர் ஒன்றைக் கருத்திற் கொள்ளவேண்டும். கடையில் பி.பி.சி. எனக் குறித்த மூட்டை பெரும்பாலும் சாம்பல் சேர்ந்ததே; பி.எஸ்.சி. என்பது கசடு சேர்ந்தது. இவை மெல்லவே வலிமை பெறும். வடநாட்டுக் குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகும். ஆகவே பலகை பிரிக்கும் நாளைப் பொறியாளரைக் கேட்டே முடிவு செய்க. குறைந்தது 10 நாள், இயன்றால் 14 நாள், கான்கிரீட்டை ஈரம் உலராமல் காக்கவேண்டும். மூன்றாம் நாளே நீர் விடுவதை நிறுத்தினால், சாம்பலில் பெரும்பகுதி பசையாக மாறாது வெறும் தூளாகவே தங்கிவிடும். குவியலிலிருந்து சாம்பலை அள்ளித் தாமே கலப்பதும் தகாது. அதில் பருமணியும் வேகாத கரியும் கலந்திருக்கக் கூடும்.

கழிவைப் பொருளாக்குவது ஆலையின் திறம். அப்பொருளை வலிமையாக்குவது கொத்தனாரின் கையிலுள்ள நீரே.