கண்ணாடி நீங்கிய கேமரா

குறுக்கே பறக்கும் பறவையைக் காட்டிலும், கேமராவை நோக்கி நேராக வரும் பறவையைத் தெளிவாகப் படம்பிடிப்பதே பெரும் பிரயாசை என்பதை அத்துறையில் பழகியவர்கள் அறிவார்கள். 400 மி.மீ. லென்ஸுக்கு எதிரே, விநாடிக்கு 10 மீட்டர் வீதம் சீராக வரும் பறவை 50 மீட்டர் தூரத்தில் இருக்கையில், அதன் பிம்பம் கூர்மை பெறும் இடம் லென்ஸுக்குப் பின்னே விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. அதே பறவை 10 மீட்டருக்கு வந்துவிட்டாலோ, அந்நகர்வு 17 மில்லிமீட்டராகப் பெருகிவிடுகிறது. பறவை வேகத்தைக் கூட்டவில்லை. லென்ஸ் ஈடுகொடுக்க வேண்டிய வேகந்தான் 25 மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது.

1985-இல் வந்த மினோல்டா 7000 முதலான எஸ்.எல்.ஆர். கேமராக்களில், பெரிய கண்ணாடிக்குப் பின்னிருக்கும் சிறு துணைக் கண்ணாடி ஒளியில் ஒரு பங்கைக் கீழேயுள்ள ஃபோகஸ் சென்சாருக்குத் திருப்பிவிட, லென்ஸின் இரு ஓரங்கள் வழியே வந்த பிம்பங்கள் எத்திசையில், எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அது ஒரே பார்வையில் அளந்துவிடும். ஆயினும் படம் பதிவாகும் கணத்தில் இரு கண்ணாடிகளும் மேலெழுந்து மடங்கிவிடுவதால், அப்போது அந்தச் சென்சார் குருடு. முந்தைய அளவுகளை வைத்து, பறவை இந்நேரம் எங்கே வந்திருக்கும் என்று ஊகிப்பதைத் தவிர அதற்கு வேறு உபாயமில்லை.

கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா 2008-இல் தோன்றியபோது வேறொரு சங்கடம் வந்து சேர்ந்தது: கூர்மையைத் தேடி லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. படம் பதியும் சென்சாரிலேயே அந்த இரு பிம்ப ஒப்பீட்டையும் நிகழ்த்தக் கற்ற பிறகே அலைச்சல் அடங்கிற்று. 2017-இல் வந்த சோனி ஆல்ஃபா 9, சென்சாரோடு நினைவகத்தையும் அடுக்கிவைத்து, விநாடிக்கு 20 படம் எடுக்கும்போதே 60 முறை ஃபோகஸைக் கணித்தது, வியூஃபைண்டரும் இருளவில்லை. அதன் 693 ஃபோகஸ் புள்ளிகளைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் பேசின. என் அபிப்பிராயத்தில், அந்த 60 பார்வைகளே அதன் உண்மையான விசேஷம்.

அவையும் ஊகத்தை முற்றிலும் ஒழித்துவிடவில்லை. நம் பறவை ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 17 செ.மீ. முன்னேறிவிடுகிறது, 10 மீட்டர் தூரத்தில், எஃப் 5.6 துவாரத்தில், தெளிவாக விழும் ஆழமோ மொத்தம் 20 செ.மீ. அளவே. அதிலும் இறகு கூர்ந்து கண் மங்கினால் படம் வீண் என்பதால், 2020-இல் வந்த கேனன் ஆர்5 போன்றவை, பறவைப் படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த முறையால் கண்ணையே தேடிப் பிடிக்கின்றன. நடுவே ஒரு நாணல் குறுக்கிட்டால் உடனே அதன்மேல் தாவுவதா, சற்றுப் பொறுத்துப் பார்ப்பதா என்பதை மட்டும் யந்திரத்தின் இஷ்டத்துக்கே விட்டுவிடாமல், அந்தப் பொறுமையின் அளவைப் படமெடுப்பவரே மெனுவில் குறித்துக்கொள்ளும்படி பல கேமராக்களில் வைத்திருக்கிறார்கள்.