முள் நிற்கக் காத்திருக்க வேண்டாம்

மதுரை கோரிப்பாளையத்தில் அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே அறிவியல் படிக்க வருபவர்களுக்கும், இயற்பியல் தராசை முதன்முதலாகத் தொடப்போகும் எவருக்கும் இந்த விளக்கம் உதவும்.

இந்தத் தராசு ஒரு பொருளை எடைக்கற்களோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு விசை இரு தட்டுகளையும் ஒரே அளவில் இழுப்பதால், நிலவில் நிறுத்தாலும் இதே நிறைதான் கிடைக்கும். சுருள்வில் தராசில் அப்படி வராது.

முதலில் அடித்திருகுகளைத் திருப்பித் தூக்குக்குண்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு வெறும் தட்டுகளோடு கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். தண்டு உயர்ந்து, முள் 0 முதல் 20 வரையுள்ள அளவுகோலில் ஆடும். அது நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். தண்டைத் தாங்கும் கத்திமுனையில் உள்ள சிறு உராய்வு முள்ளைத் தவறான இடத்தில் நிறுத்திவிடக்கூடும். அதனால் முள் திரும்பும் இடங்களைக் குறியுங்கள். இடப்பக்கம் 5, 6, 7 என்றால் சராசரி 6. வலப்பக்கம் 15, 14 என்றால் சராசரி 14.5. இரண்டின் நடு 10.25. இதுவே வெறுந்தட்டின் ஓய்வுப்புள்ளி.

இப்போது பொருளை இடத்தட்டிலும் கற்களை வலத்தட்டிலும் வையுங்கள். கற்களை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். விரலின் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் அவற்றின் நிறையை மாற்றிவிடும். பெரிய கல்லிலிருந்து சிறியதற்கு இறங்குங்கள். ஒவ்வொரு முறை கல்லை மாற்றும் முன்பும் தண்டை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் கத்திமுனை மழுங்கி, தராசின் நுட்பமே போய்விடும். கண்ணாடிக் கதவை மூடிய பிறகே முள்ளைப் படியுங்கள். மின்விசிறிக் காற்றே தட்டை அசைக்கப் போதும்.

24.35 கிராம் கற்கள் வைத்தபோது ஓய்வுப்புள்ளி 11.25 என்றும், மேலும் 10 மில்லிகிராம் சேர்த்ததும் 9.25 என்றும் வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராமுக்கு முள் 2 பிரிவு நகர்ந்திருக்கிறது. நமக்கு வேண்டிய 10.25க்கு 1 பிரிவு போதும். அதாவது 5 மில்லிகிராம். ஆகவே நிறை 24.355 கிராம்.

தராசின் இரு கைகளும் சமநீளமா என்ற ஐயம் வந்தால், பொருளையும் கற்களையும் தட்டு மாற்றி மறுபடி நிறுங்கள். இரு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்தப் பிழை நீங்கும்.

கடைசியாக, எடைப்பெட்டியில் காலியாக உள்ள குழிகளைப் பார்த்து ஒருமுறையும், கற்களைத் திருப்பி வைக்கும்போது மறுமுறையும் கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒத்தால்தான் நோட்டில் எழுதுங்கள்.