ராஃபிள்ஸ் சுவடி 18: கைமாறி வந்த மலாக்கா வரலாறு

மலாக்கா சுல்தான்களின் வரலாற்றைக் கூறும் ‘செஜாரா மெலாயு’வின் மிகப் பழைய வடிவம் எனப் பல அறிஞர்கள் கருதும் சுவடி மலாக்காவில் இல்லை. அஃது இலண்டன் அரச ஆசியக் கழகத்தில் ‘ராஃபிள்ஸ் சுவடி 18’ என வழங்குகிறது.

இச்சுவடிக்கு இரண்டு வயதுகள் உண்டு. நூல் எழுந்த ஆண்டு 1612 என அதன் முன்னுரை உரைக்கிறது. தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியோ 1816ஆம் ஆண்டைக் காட்டுகிறது. ஆகவே, நம் கையில் உள்ளது பழைய நூலின் பிற்காலப் படியே. ஓலை நைந்ததும் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய மரபினர்க்கு இது வியப்பன்று. ஐரோப்பாவிலும், 1415இல் போஜ்ஜோ என்பார் குளூனி மடத்தில் கண்டெடுத்த சிசரோவின் சொற்பொழிவுச் சுவடி பின்னர் மறைந்தது. அதிலிருந்து எடுத்த படிகளே எஞ்சின.

1810 இறுதியில் ராஃபிள்ஸ் மலாக்காவுக்கு வந்தார். மக்கள் கொணர்ந்த சுவடிகளை விலைக்கு வாங்கினார். பலவற்றைப் படியெடுக்கச் செய்தார். அவ்வெழுத்தருள் ஒருவர் 1796இல் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அவர்தம் முன்னோர் ஏமனிலிருந்து நாகூர் வழியாக வந்தோர். மலாக்காவில் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் வணிகக் கணக்கிற்காகத் தமிழ் கற்பது வழக்கமென்றும், தாமும் அவ்வாறே கற்றதாகவும் அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ரப்பர்த் தோட்டத்தோடுதான் இங்குத் தமிழ் வந்தது என்று எண்ணும் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் இப்பகுதியைக் கட்டாயம் வாசித்துக் காட்டல் வேண்டும்.

அப்துல்லாவே 18ஆம் சுவடியை எழுதினார் என்று கூற நமக்கும் ஆசைதான். நீர்க்குறி அதனைத் தடுக்கிறது. 1816ஆம் ஆண்டுத் தாளில் 1811இல் எவரும் எழுதியிருக்க இயலாது.

1824 பிப்ரவரி 2 அன்று பெங்கூலுவுக்கு அப்பால் ‘ஃபேம்’ என்னும் கப்பல் தீப்பற்றியது. ராஃபிள்ஸ் உயிர் தப்பினார். உடன் கொண்டுசென்ற சுவடிகள் சாம்பலாயின. மலாக்காவில் தாம் கண்ட நூல்கள் அழிந்தமை கேட்டு அப்துல்லா மனம் வருந்தினார். அத்தீக்கு இரையாகாத சுவடிகளை, ராஃபிள்ஸ் இறந்தபின், 1830இல் அவர்தம் மனைவி சோஃபியா அரச ஆசியக் கழகத்திற்கு அளித்தார். அவற்றுள் ஒன்றே இது. 1938இல் வின்ஸ்டெட் இதனை உரோமன் எழுத்தில் பதிப்பித்தார்.

செஜாரா மெலாயுவில் நம்மவர் அயலாராக நிற்கவில்லை. கெலிங் நாட்டு மன்னன் ‘ராஜா சுலன்’ பெயரில் அறிஞர்கள் சோழரின் எதிரொலியைக் காண்கின்றனர். அந்நாட்டிலிருந்து வந்த மணி புரிந்தனின் வழியில் மலாக்காவின் பெண்டாஹாரா துன் முத்தாஹிர் தோன்றினார். இன்று வசைச்சொல்லாகிவிட்ட ‘கெலிங்’ அந்நூலில் ஒரு நாட்டின் பெயராகவே வழங்குகிறது.

அப்துல்லா வேறொரு படியைக் கொண்டு 1831 அளவில் சிங்கப்பூரில் இந்நூலை முதன்முதலாக அச்சேற்றினார். ஆகவே வகுப்பறையில் மேற்கோள் காட்டும்போது, எப்பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதையும் மாணவர்கள் குறித்தல் வேண்டும்.