ஆசிரியராக விரும்பும் மாணவருக்கு

ஆசிரியத் தொழிலை விரும்பும் எமது மாணவர், பரீட்சைப் பெறுபேறு ஒன்றே போதுமென எண்ணிவிடலாகாது. இலங்கையிலே, 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின்வழி இயங்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகள், க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றோடு நேர்முகப் பரீட்சையும் நடத்தியே மாணவரைச் சேர்க்கின்றன. பயிற்சிக் காலம் 3 ஆண்டுகள். முதல் 2 ஆண்டுகள் கல்லூரியிலே தங்கிக் கற்றல் வேண்டும். மூன்றாம் ஆண்டில் ஒரு பாடசாலையிலே கட்டுறு பயிலுநராகக் கற்பித்தல் வேண்டும். இறுதியிலே தேறியோரே தேசிய கற்பித்தல் டிப்ளோமா பெற்று ஆசிரியர் சேவையிற் சேர்வர்.

இவற்றுள் மூன்றாம் ஆண்டையே உரைகல் என்போம். கணக்கொன்றைத் தாம் செய்துகாட்டல் எளிது. அது விளங்காது விழிக்கும் கடைசி வாங்குப் பிள்ளைக்கு வேறொரு வழியால் விளக்குதல் அரிது. அவ்வாற்றலை எந்த வினாத்தாளும் அளந்தறியாது. பிள்ளைகளோடு பொறுமையாய்ப் பழகும் மனம் தமக்குண்டா என்பதை, விண்ணப்பம் எழுதுமுன்னரே மாணவர் தம்மைத் தாமே வினாவிக்கொள்வாராக.