எல்லையோர நாக்கும் இணையத்து ஆங்கிலமும்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழகம் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அதனால் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இன்று நர்சிங் படித்து வெளிநாடு போக நினைப்போருக்கு ஆங்கில உச்சரிப்பு வேறு கவலை. ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் அதற்குத்தான். "நம்ம பிள்ளையளுக்கு அது வாயில வழங்காது" என்கிறார்கள் பெற்றோர். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆங்கில 'டி' நம் 'ட' அல்ல. நாக்கை மடக்காமல், மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈறு மேட்டில் நுனியைத் தொடவேண்டும். மலையாளி 'காற்று' என்னும்போது வருகிற 'ற்ற' ஏறக்குறைய அதே இடம். 'இன்டர்நெட்' என்று மலையாளத்தில் எழுதும்போது கடைசியில் அந்த எழுத்தைத்தான் போடுகிறார்கள். ஈழத்தமிழர் 'ரொறன்ரோ' என்று எழுதுவதும் இந்தக் காதுக் கணக்கில்தான். (நாம் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு!) தொல்காப்பியரும் ட, ற இரண்டுக்கும் பிறப்பு வேறு வேறாகவே சொல்கிறார். ஆக, எல்லையோரப் பிள்ளைக்கு இந்த ஒலி கைவசம் இருக்கிறது.

இல்லாதது வேறு. மாத்திரைக்கு ஆங்கிலத்தில் 'பில்'. கடைச் சீட்டுக்கும் 'பில்'. தமிழில் எழுத்து ஒன்றே. மலையாளத்தில் இரண்டு எழுத்து உண்டு. ஆனால் மாத்திரையின் 'ப'வில் ஆங்கிலேயர் சேர்க்கும் மூச்சு அதிலும் இல்லை. உதட்டுக்கு முன் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துச் சொல்லுங்கள். தாள் அசைய வேண்டும். ஆஸ்பத்திரியில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமா?

இணையக் கருவிகள் இங்கேதான் உதவும். கேம்பிரிட்ஜ் அகராதியில் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் கிடைக்கும். 2008-இல் தொடங்கிய ஃபோர்வோவில் பல நாட்டு மனிதர்கள் தங்கள் குரலில் சொற்களைப் பதிந்திருக்கிறார்கள். யூக்ளிஷ், யூடியூப் காணொளிகளில் அந்தச் சொல் வரும் இடத்தையே எடுத்துக் காட்டும். ஏதோ ஒரு நாட்டாரைப் போலவே பேசவேண்டும் என்று தேர்வு கேட்கவில்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிந்தால் போதும்.

கேட்டால் மட்டும் போதாது, சொல்லியும் பார்க்கணும். கைப்பேசியின் குரல்வழித் தட்டச்சில் 'பில்' என்று சொல்லி, எதை எழுதுகிறது என்று பாருங்கள். தனிச்சொல்லாகவே சொல்ல வேண்டும். வாக்கியமாகச் சொன்னால், பக்கத்துச் சொற்களை வைத்து அதுவே ஊகித்துச் சரியாக எழுதிவிடும்; பிழை நமக்குத் தெரியாமலே போய்விடும்.