படித்தது மனசில் நிற்கிறதா? நாமே பரீட்சை வைத்துப் பார்ப்போம்!

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கையின் மூன்று வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. வெளியே கொட்டும் மழை. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லை. "உப்பு, சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாமே அக்கா, எது எவ்வளவு போடணும்?" என்றாள் தங்கை.

பத்திரிகையில் பத்துத் தடவையாவது படித்த குறிப்புதான். ஆனாலும் உப்பு அரை ஸ்பூனா, ஒன்றரையா என்று குழம்பிக் கை நடுங்கிவிட்டது. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்தாயிற்றே! கத்தரித்து வைத்திருந்த காகிதத்தைத் தேடி எடுத்த பிறகுதான் கலந்தேன். காலையில் டாக்டரிடம் காட்டினோம். குழந்தை தேறிவிட்டது.

பிளஸ் ஒன் படிக்கும் என் பெண் சொன்னாள்: "நீ படிச்சேம்மா. ஆனா ஞாபகம் இருக்கான்னு உன்னை நீயே கேட்டுப் பார்க்கலையே!"

அவள் சொன்னது உண்மைதான். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைச் சிலர் இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்!

அன்று முதல் அடுக்களையில் ஒரு பழைய நோட்டு வைத்திருக்கிறேன். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. குழம்பு கொதிக்கும் நேரத்தில் விடையை மூடிக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். உடனே திறந்து சரிபார்ப்பேன். இல்லாவிட்டால் தப்பே மனசில் தங்கிவிடும். மறுநாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. அவ்வளவுதான்.

குழந்தைகளுக்கும் இப்படிச் செய்யலாம். ஆனால் மார்க் போடாதீர்கள், திட்டாதீர்கள். மாமல்லபுரம் போனபோது என் சின்னப் பையனிடம், "கடற்கரைக் கோயில் பாறையைக் குடைந்ததா, கல்லை அடுக்கிக் கட்டியதா?" என்று கேட்டேன். "குடைந்ததுதான்" என்றான். பக்கத்தில் போய்க் கல் அடுக்குகளைக் காட்டினேன். பிறகு ஐந்து ரதங்களையும் சுற்றி வந்து, "இதுதாம்மா ஒரே பாறையில செதுக்கினது" என்று அவனே சொன்னான். தப்பாகச் சொன்னதுதான் இன்றுவரை அவனுக்கு மறக்கவில்லை!

சரி, இப்போது உங்களுக்கும் ஒரு கேள்வி. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு? கண்ணை மூடிச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

தப்பாகச் சொன்னீர்களா? பரவாயில்லை சகோதரி, அடுக்களையில் தப்பினால் நஷ்டமில்லை. நாளைக்கு மறுபடியும் கேட்டுப் பாருங்கள்!